ரெகுலேட்டர் போட்டால் மட்டும் பிசிபி ஏர் ரைபிள் நேராகச் சுடுமா?

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2024

மேலூரிலிருந்து எழுதுகிறேன். ஆறு மாதங்களுக்கு முன் நம் நாட்டிலேயே செய்யப்பட்ட 0.177 அங்குல பிசிபி (சிலிண்டரில் முன்பே உயர் அழுத்தத்தில் நிரப்பிய காற்றால் சுடும்) ஏர் ரைபிள் ஒன்றை வாங்கினேன். அதில் ரெகுலேட்டர் (வால்வுக்குப் போகும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் கருவி) கிடையாது. மணல் பையில் தாங்கி 10 மீட்டரில் பத்து பெல்லட் சுட்டால் துளைகள் 14 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சிதறுகின்றன. ரெகுலேட்டர் இல்லாத பிசிபியில் துல்லியம் எதிர்பார்ப்பதே வீண் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பணம் சேர்த்து ரெகுலேட்டர் போடலாமா, குழலையே மாற்ற வேண்டுமா?

4 மார்ச் 2024

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில் சிலிண்டரின் முழு அழுத்தமும் வால்வின் மேல் அமர்ந்திருக்கும். 200 பாரில் (பார் என்பது காற்றழுத்தத்தின் அலகு) அந்த அழுத்தமே வால்வை இறுக்கி மூடிக்கொள்வதால் சுத்தியல் அடித்தாலும் அது சிறிது நேரமே திறக்கிறது, காற்று குறைவாக வெளியேறுகிறது, பெல்லட் மெதுவாகப் போகிறது. அழுத்தம் இறங்க இறங்க வால்வு தாராளமாகத் திறந்து வேகம் ஏறும். பின்பு காற்றே போதாமல் வேகம் விழும். வேகத்தை வரைபடமாகப் போட்டால் ஒரு சிறு குன்று தெரியும். நடுவில் உள்ள சமதளத்தில் மட்டும் சுடுவது, ரெகுலேட்டர் வாங்க முடியாதவர்கள் நெடுநாளாகக் கையாளும் வழி. என் துப்பாக்கி 200 பாரில் நொடிக்கு 236 மீட்டர், 160 பாரில் 247, 110 பாரில் 234 என்று காட்டுகிறது. ஆகவே நான் 180 வரைதான் காற்று நிரப்புகிறேன், 130 வந்ததும் நிறுத்திவிடுகிறேன். ரெகுலேட்டர் இந்தக் குன்றைச் சமன்செய்யும் என்பதால் அதையே முதலில் பாருங்கள் என்பதுதான் என் எண்ணம்.

6 மார்ச் 2024

நேற்று முன்தினம் எழுதியதன் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

நொடிக்கு 247 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரைக் கடக்கச் சுமார் 0.040 நொடி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை 8 மில்லிமீட்டர் கீழே இழுக்கிறது. 236 மீட்டர் வேகம் என்றால் இறக்கம் 8.8 மில்லிமீட்டர். காற்றுத் தடையைச் சேர்த்தால் இரண்டும் சற்றுக் கூடும், ஆனால் வித்தியாசம் பெரிதாக மாறாது. அதாவது 200 பாருக்கும் 160 பாருக்கும் உள்ள வேக மாற்றம் முழுவதும் சேர்ந்து 10 மீட்டரில் ஒரு மில்லிமீட்டரைக்கூட நகர்த்தவில்லை. உங்கள் 14 மில்லிமீட்டரில் மீதி 13 எங்கிருந்து வருகிறது? ரெகுலேட்டர் போட்டிருந்தால் பணம் போயிருக்கும், சிதறல் அப்படியே இருந்திருக்கும்.

போட்டித் துப்பாக்கிகளின் நிலை வேறு. அவை நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் சுடுகின்றன. 10 மீட்டரில் இறக்கம் 17 மில்லிமீட்டர். வேகம் ஒரு மீட்டர் மாறினால் துளை 0.2 மில்லிமீட்டர் மாறும். போட்டி அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் ஆர வித்தியாசம் 2.5 மில்லிமீட்டர், தசமப் புள்ளி ஒன்றுக்கு 0.25 மில்லிமீட்டர். 10.9 என்ற உச்சப் புள்ளியைத் துரத்துகிறவருக்கு நொடிக்கு ஒரு மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு தசமப் புள்ளி, அதனால் அவருக்கு ரெகுலேட்டர் கட்டாயம். 25 மீட்டரிலும் நிலைமை மாறும்: தூரம் இரண்டரை மடங்கானால் இறக்கம் ஆறேகால் மடங்காகும், என் துப்பாக்கியின் அந்த 0.8 மில்லிமீட்டர் 5 ஆகிவிடும்.

ஒன்று சொல்லுங்கள்: துளைகள் அட்டையில் மேல்கீழாகப் பரவுகின்றனவா, பக்கவாட்டிலா? வேகக் கோளாறு என்றால் மேல்கீழாகத்தான் பரவ வேண்டும்.

10 மார்ச் 2024

பக்கவாட்டில்தான் பரவுகின்றன, சிலிண்டர் காலியாகக் காலியாக வலப்பக்கம் நகர்கின்றன என்று மேலூர்க்காரர் பதில் எழுதியிருக்கிறார். இதே நோயை நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பட்டிருக்கிறேன், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் கிடைக்கும் பல பிசிபிகளில் குழலும் அதன் கீழே உள்ள காற்றுக் குழாயும் (அதாவது சிலிண்டரும்) முன்பக்கம் ஒரு வளையத்தால் பிணைக்கப்பட்டிருக்கும். காற்றுக் குழாய் அழுத்தம் ஏறும்போது மிக நுண்ணிய அளவில் விரியும், நீளும். இறங்கும்போது பழைய நிலைக்கு வரும். வளையம் இறுக்கமாக, அதிலும் சற்றுக் கோணலாகப் பிடித்திருந்தால் குழாயின் அசைவு ஒவ்வொன்றும் குழலுக்குப் போய்ச் சேரும். குழலின் முனை ஒரு தலைமுடி அளவு சாய்ந்தாலே 10 மீட்டரில் துளை கண்ணுக்குத் தெரிய நகரும். நான் இதைக் கண்டுபிடித்தது தற்செயலாக. செல்லூரில் என் மாமாவுக்குச் சொந்தமான பழைய தறிக்கூடம் சும்மா கிடக்கிறது. 18 மீட்டர் நீளம், மறுமுனையில் சாய்த்து நிறுத்திய இரும்புத் தகடு, அதன் பின்னால் மணல் மூட்டைகள். அதுதான் என் பயிற்சிக்கூடம். அங்கே ஒருநாள் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தபோது குழலின் முனை லேசாக இடித்தது. அடுத்த ஐந்து பெல்லட்டுகளும் நான்கு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தன. இவ்வளவு எளிதில் இடம் மாறுகிற குழல் எப்படி ஒரே இடத்தில் சுடும் என்று அப்போதுதான் யோசித்தேன்.

ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் வளையத்துக்கும் இடையே நுழைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மாட்டிக்கொண்டால் வளையம் குழலைத் தள்ளுகிறது என்று பொருள். வளையத்தைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். சில துப்பாக்கிகளில் குழலுக்கு அதுவே முக்கியத் தாங்கல். நான் கே.புதூர் தொழிற்பேட்டையில் உள்ள லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வளையத்தின் உள்விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டிக் கடைந்து வாங்கினேன். பட்டறை அண்ணன் துப்பாக்கியைத் தொடவே தயங்கினார். கழற்றிய வளையத்தை மட்டும் கையில் கொடுத்த பிறகுதான் வேலையை எடுத்துக்கொண்டார். சிலிண்டரைக் காலி செய்யாமல் எதையும் கழற்றக் கூடாது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

17 மார்ச் 2024

குழல் வாயைப் பற்றிச் சிறு குறிப்பு. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் அதன் பின்விளிம்பு சுற்றிலும் ஒரே நேரத்தில் விடுபட வேண்டும். வாயில் ஒரு கீறல் இருந்தால் காற்று அந்தப் பக்கமாக முதலில் பீறிட்டுப் பெல்லட்டைச் சாய்க்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை வாய்விளிம்பில் மெதுவாகச் சுழற்றுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது.

குழலைத் துடைப்பதில் முன்பு நான் அளவுக்கு மீறிப் போனேன். ஒவ்வொரு நாளும் துடைத்தேன், ஒவ்வொரு நாளும் முதல் இருபது பெல்லட்டுகள் வீணாயின. துடைத்த குழலில் மீண்டும் ஈயத்தின் மெல்லிய படலம் பரவும்வரை துளைகள் நெருங்கி விழாது. இப்போது குரூப் (துளைகளின் சிதறல் அகலம்) பெரிதாகத் தொடங்கும்போது மட்டும், பின்பக்கத்திலிருந்து வாய் நோக்கிக் கயிற்றில் கட்டிய துணியை இழுத்துத் துடைக்கிறேன். இரும்புக் கம்பியை உள்ளே விடுவதில்லை.

31 மார்ச் 2024

பெல்லட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் ஒரு மாதம் செலவழித்தவன் என்பதால் எழுத நிறைய இருக்கிறது.

தெற்காவணி மூல வீதியில் நகைப்பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஒருவர் என் அப்பாவின் நண்பர். கண்ணாடிக் கதவு போட்ட, ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு அவரிடம் இருக்கிறது. தட்டையான தலை கொண்ட போட்டிப் பெல்லட் டப்பா ஒன்றை எடுத்துப்போய் ஒரு மாலை முழுவதும் 200 பெல்லட்டுகளை எடை போட்டேன். மின்விசிறியை நிறுத்திய பிறகே தராசைத் தொடவிட்டார். எடை 0.522 கிராமிலிருந்து 0.541 கிராம் வரை இருந்தது. பெரும்பாலானவை 0.530-ஐ ஒட்டியே நின்றன. பிரித்தெடுத்த பெல்லட்டுகளையும் பிரிக்காதவற்றையும் 10 மீட்டரில் மாற்றி மாற்றிச் சுட்டதில், நான் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் கிடைக்கவில்லை.

வித்தியாசம் கிடைத்தது தலை அளவில். ஒரே நிறுவனத்தின் ஒரே பெல்லட் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தலை விட்டம் அச்சிட்ட தனித்தனி டப்பாக்களில் வருகிறது. என் குழலில் 4.49 உள்ளே நுழையும்போது கைக்கு எதுவும் தட்டுப்படுவதில்லை, 4.51 வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொண்டு நுழைவது விரலுக்குத் தெரிகிறது. ஐந்து குண்டு குரூப் 4.49-இல் 9 மில்லிமீட்டர், 4.51-இல் 5. ஆகவே 4.51 தான் என் குழலுக்கு உரியது என்று முடிவு செய்தேன். உங்கள் குழலுக்கு எது என்பதை உங்கள் குழல்தான் சொல்ல வேண்டும். இவற்றோடு, பாவாடை (பின்பக்கம் விரிந்த விளிம்பு) நசுங்கிய பெல்லட்டுகளைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கிவிடுங்கள். எடை போடுவதைவிட அது பலன் தரும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்காதீர்கள்.

2 ஏப்ரல் 2024

மேலே 5, 9 என்று எழுதியது அவசரம். இன்று அதே 4.51 டப்பாவிலிருந்து இரண்டு ஐந்து குண்டு குரூப் சுட்டேன்: ஒன்று 6, மற்றொன்று 10. குரூப் என்று நாம் அளப்பது மிகவும் விலகிய இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரம். ஐந்தில் மூன்று துளைகள் அந்த அளவில் சேருவதே இல்லை. ஒரே ஒரு பெல்லட் கணக்கைத் தலைகீழாக்கிவிடும். குறைந்தது பத்து குண்டு வீதம் ஐந்து அட்டைகளாவது சுட்டுச் சராசரி எடுக்காமல் எதையும் நல்லது, கெட்டது என்று சொல்லக் கூடாது. இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பெல்லட் சோதனையை மறுபடியும் தொடங்குகிறேன்.

24 ஏப்ரல் 2024

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். விடியலில் வைகைக் கரையில் கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு, தூக்கம் வராமல் நேராகச் செல்லூர்க் கூடத்துக்குப் போய்ச் சுட்டேன். பத்து குண்டு வீதம் நான்கு அட்டைகள். நான்கிலும் 6 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. அதே பெல்லட், அதே காற்றழுத்தம், அதே மேசை. முந்தைய வாரம் முழுவதும் 9-க்குக் கீழே நான் வந்ததில்லை.

என்ன மாறியது என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் அமைதியை உணர்ந்தேன். திருவிழாவுக்காகப் பக்கத்துச் சுவரை ஒட்டிய விசைத்தறிகள் நின்றிருந்தன. மற்ற நாட்களில் அவற்றின் அடி சிமெண்டுத் தரை வழியாக என் மரமேசைக் காலில் ஏறி, மணல் பை வழியாகத் துப்பாக்கியைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பிறந்தது முதல் பழகிய காது அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. சோதித்துப் பார்க்க மேசையின் மேல் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தேன். இன்று தறிகள் ஓடத் தொடங்கியதும் தண்ணீரில் வளையங்கள் தெரிந்தன.

மார்ச் மாதத்து பெல்லட் முடிவுகள் அனைத்தையும் தள்ளிவைக்கிறேன். 4.49 சுட்ட நாட்களில் தறி ஓடியதா, நின்றிருந்ததா என்று என் நோட்டுப் புத்தகத்தில் இல்லை.

5 மே 2024

மேலூர்க் கிரானைட் கல் ஒன்றை மேசையாக்கிவிட்டேன். இரண்டு செங்கல் தூண்கள், அவற்றின் மேல் லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டைகள், அதன் மேல் கல். நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். தண்ணீர்த் தட்டில் இப்போது அசைவில்லை. தறி ஓடும்போதும் பத்து குண்டு குரூப் 6 முதல் 7 வரை நிற்கிறது. 4.49-ஐயும் 4.51-ஐயும் ஐந்தைந்து அட்டைகள் சுட்டுப் பார்த்தேன்: சராசரி 7.8-உம் 6.3-உம். 4.51 நல்லதுதான், ஆனால் முன்பு நான் ஊதிச் சொன்ன அளவுக்கு இல்லை.

நேற்றோடு கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. நிரப்பிய துப்பாக்கியை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். 20 டிகிரியில் 200 பார் இருக்கும் சிலிண்டர் 40 டிகிரியில் ஏறக்குறைய 214 பார் ஆகும். மூடிய காருக்குள் வெப்பம் அதையும் தாண்டும். சிலிண்டரின் மேல் பொறித்துள்ள உச்ச அளவும் காலாவதித் தேதியும் அலங்காரத்துக்கு அல்ல. போட்டிகளில் சிலிண்டர் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு என்றே விதி சொல்கிறது.

26 மே 2024

மேலூர்க்காரர் வளையத்தைக் கடைந்து வாங்கிவிட்டார். காற்று இறங்கும்போது துளைகள் வலப்பக்கம் நகர்வது நின்றுவிட்டது, ஆனால் குரூப் இன்னும் 10 மில்லிமீட்டர் என்கிறார். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) பற்றிக் கேட்டேன். 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, தூரத்துக்கு ஏற்றபடி மாற்றும் வசதி இல்லாதது, 100 கஜத்துக்கு அமைக்கப்பட்டது. காரணம் அதில் இருக்கிறது.

அத்தகைய ஸ்கோப்பில் 10 மீட்டர் அட்டையைப் பார்த்தால் இலக்கின் பிம்பமும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் இருப்பதில்லை. கண் நடு அச்சிலிருந்து விலகினால் கோடு இலக்கின் மேல் நகர்ந்ததுபோல் தெரியும். நீங்கள் அதைச் சரிசெய்வதாக நினைத்துத் துப்பாக்கியை நகர்த்துவீர்கள். உங்கள் ஸ்கோப்பின் அளவுகளுக்கு, கண் காட்சி வட்டத்தின் ஓரத்துக்கே போய்விட்டால் பிழை 18 மில்லிமீட்டரை நெருங்கும். கால்வாசி விலகினாலே நான்கு மில்லிமீட்டர் போய்விட்டது. துப்பாக்கியைப் பையில் அசையாமல் வைத்து, கை படாமல் தலையை மட்டும் இடம் வலம் ஆட்டிப் பாருங்கள். கோடு அட்டையில் அலைந்தால் நான் சொல்வது சரி. 10 மீட்டருக்கு இறங்கிவரும் ஸ்கோப் வாங்கும்வரை, நடுவில் சிறு துளையிட்ட கறுப்பு அட்டை வட்டத்தைக் கண் பக்கக் கண்ணாடியில் பொருத்திக்கொள்ளுங்கள். கன்னம் ஸ்டாக்கில் (துப்பாக்கியின் பின்கட்டையில்) ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படிய வேண்டும்.

துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்ப்பதும் இதே வகை. 5 டிகிரி சாய்ந்தால் இறக்கத்தின் அளவில் பதினொன்றில் ஒரு பங்கு பக்கத்தில் போகும். உங்கள் துப்பாக்கியில் 10 மீட்டருக்கு 0.7 மில்லிமீட்டர், 25 மீட்டருக்கு 4-க்கு மேல்.

2 ஜூன் 2024

உசிலம்பட்டியிலிருந்து ஒருவர், சுத்தியல் ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டினால் துல்லியம் கூடுமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. நம் நாட்டில் 0.177 அளவும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு மட்டுமே உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டினால் ஆயுதச் சட்டத்தின் கீழ் அது வேறு பொருள். 0.53 கிராம் பெல்லட் 247 மீட்டர் வேகத்தில் போகும்போதே 16 ஜூலைத் தொடுகிறது. தோட்டத்துக்கு வரும் மயிலைப் பற்றியும் எழுதியிருந்தார். அது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. இந்த உரையாடல் காகித அட்டையைச் சுடுவதைப் பற்றியது, அப்படியே இருக்கட்டும்.

16 ஜூன் 2024

மேலூர்க்காரருக்குக் கறுப்பு அட்டை வட்டத்தோடு 6.5 மில்லிமீட்டர் வந்துவிட்டது. ரெகுலேட்டர் வாங்கவில்லை, குழலை மாற்றவில்லை. செலவு லேத் கூலி மட்டும்.

இப்போது நின்று சுடத் தொடங்கியிருக்கிறார், துளைகள் 40 மில்லிமீட்டருக்குச் சிதறுகின்றன என்று வருந்துகிறார். வருந்த வேண்டியதில்லை; துப்பாக்கியின் பங்கு 6.5, மீதி உடம்பின் பங்கு என்று முதன்முறையாகப் பிரித்துச் சொல்ல முடிகிறதே. சிறுவயதில் சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுட்டபோது டிரிகரைச் சட்டென்று இழுத்த பழக்கம் என் விரலை விட்டுப் போக ஓராண்டு ஆயிற்று. டிரிகர் விடுபட்ட பிறகும் பெல்லட் குழலுக்குள் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகள் பயணம் செய்கிறது. அந்த நேரத்தில் தலையைத் தூக்கினால் குழலும் கூட வரும். சுட்ட பின்பும் இரண்டு நொடி அதே குறியில் நில்லுங்கள். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்ற காணொளியில், சுட்டபின் அவர் நிற்கும் நிலையை மட்டும் கவனியுங்கள். காற்று இல்லாமல், பெல்லட் இல்லாமல் டிரிகர் மட்டும் பழகுவதற்கு உங்கள் துப்பாக்கியில் வசதி இருந்தால் தினமும் இருபது நிமிடம் போதும்.

டிரிகரை லேசாக்குகிறேன் என்று உள்ளே உள்ள கொக்கியின் பிடிமானத்தைத் தேய்க்கக் கூடாது. கீழே தட்டினாலே சுட்டுவிடும் துப்பாக்கி யாருக்கும் வேண்டாம்.

10 நவம்பர் 2024

ஐந்து மாதம் எழுதவில்லை. ஐப்பசி மழையில் ஒரு பாடம் கிடைத்தது. கைப்பம்பில் காற்று அடிக்கும்போது ஈரக்காற்று நசுங்கி நீர் பிரிகிறது. பம்பின் வடிகட்டியைத் திறந்தால் துளிகள் விழுந்தன. அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறம் மாறி வாரக்கணக்கில் ஆகியிருந்தது. நீர் உள்ளே போனால் வால்வு படிந்து மூடும் இருக்கை துருப்பிடிக்கும். இப்போது மழைக்காலத்தில் ஜெல்லை வாரம் ஒருமுறை வாணலியில் இளஞ்சூட்டில் உலர்த்துகிறேன். காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் தவிர வேறு எண்ணெய் கூடாது. உயர் அழுத்தக் காற்றில் சாதாரண எண்ணெய் தீப்பற்றும்.

8 டிசம்பர் 2024

கடைசியில் நானும் ரெகுலேட்டர் போட்டேன். 10 மீட்டருக்காக அல்ல. வாடிப்பட்டியில் சித்தப்பாவின் தென்னந்தோப்பில், ஆளுயர மண்மேட்டை முன்வைத்து 25 மீட்டரில் சுடத் தொடங்கியிருக்கிறேன். ரெகுலேட்டர் இல்லாமல் அங்கே பத்து குண்டு குரூப் 22 மில்லிமீட்டர், நீளவாட்டில். போட்ட பிறகு 15. மார்ச்சில் போட்ட கணக்கு 5 குறையும் என்றது, 7 குறைந்தது. காலை எட்டு மணிக்குமேல் காற்று எழுந்துவிட்டால் பக்கவாட்டுச் சிதறல் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது, ஆகவே விடியலிலேயே முடித்துக்கொள்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. இரவு முழுவதும் வைத்திருந்து காலையில் சுடும் முதல் பெல்லட் மற்றவற்றைவிட 6 மில்லிமீட்டர் மேலே விழுகிறது, இரண்டாவதிலிருந்து சரியாகிவிடுகிறது. ரெகுலேட்டரின் இருக்கை முழுதாக மூடாமல் இரவெல்லாம் காற்று மெல்லக் கசிந்து, வால்வுப் பக்க அழுத்தம் அமைத்த அளவைத் தாண்டி ஏறுகிறது என்று நினைக்கிறேன். மூன்று காலைகள் பார்த்தேன், மூன்றிலும் அப்படியே. இருக்கையைக் கழற்றித் துடைத்து ஓ-ரிங் மாற்றப் போகிறேன். அதுவரை ஒவ்வொரு காலையும் முதல் பெல்லட்டை மண்மேட்டுக்குக் கொடுத்துவிட்டு, பிறகுதான் அட்டையைத் தொங்கவிடுகிறேன்.